மார்ச் முதல் தேதிக்கு முன் போட வேண்டிய கூலிக் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துச் சிறு கடைக்காரர்களிடையே ஒரே பேச்சுதான்: இந்த மார்ச்சில் மணிக்கூலி எவ்வளவு ஏறும், அதைத் தாங்க முடியுமா, முடியாவிட்டால் யாரை நிறுத்துவது? அதே வாரத்தில் அந்தக் கடைகளின் சமையற்கட்டில் நிற்பவர்களிடையே வேறொரு பேச்சு நடக்கும்: ஏறுகிற காசு கைக்கு வந்து சேருமா, இல்லை, வேலை நேரத்தைக் குறைத்து அதையும் எடுத்துக்கொள்வார்களா? டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சிறு கடைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருவதால் இரண்டு பேச்சுமே என் காதில் விழுகிறது. இரு தரப்பாரும் பார்த்துப் பயப்படுவது மணிக்கு இத்தனை ராண்ட் என்னும் ஓர் எண்ணைத்தான். அந்த எண்ணோடு கடையின் வரவில் கூலியின் பங்கு எவ்வளவு, வாரத்துக்கு வேலை நேரம் எத்தனை மணி என்னும் இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் உயர்வின் உண்மையான பாரமும் உண்மையான பயனும் தெரியவரும். அந்தக் கணக்கைப் போடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எது கூலி, எது கூலி அல்ல

தென்னாப்பிரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2018ஆம் ஆண்டில் நிறைவேறி, 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் மணிக்கு 20 ராண்ட். பண்ணைத் தொழிலாளிக்கு 18, வீட்டு வேலை செய்பவருக்கு 15 என்று அப்போது தாழ்த்தி வைத்திருந்தார்கள். பண்ணைக்கு 2021இலும் வீட்டு வேலைக்கு 2022இலும் அந்த வேறுபாடு நீங்கியது. ஆண்டுதோறும் ஆணையம் ஒன்று விகிதத்தை ஆராய்ந்து பரிந்துரைக்க, தொழிலாளர் அமைச்சர் அதை அறிவிக்கிறார். 2025 மார்ச் 1 முதல் ஓராண்டுக்கு விகிதம் 28.79 ராண்டாக இருந்தது. இங்கே அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். அதன் பின் வரும் உயர்வுகளுக்கும் இதே கணக்குமுறைதான். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு 45 மணி என்பது சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு. அதை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சரியாக 195 மணி வரும். 195 மணியை 28.79ஆல் பெருக்கினால் 5,614 ராண்ட் 5 சென்ட். அந்த விகிதத்தில், முழு நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு மாதம் இதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பலர் மாதத்தை நான்கு வாரமாக வைத்து 180 மணிக்குக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் தொழிலாளிக்கு மாதந்தோறும் 15 மணி நேரக் கூலி காணாமல் போகிறது. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு, தெரியாமல் செய்பவர்களும் உண்டு. இழப்பு என்னவோ ஒன்றுதான்.

அடுத்தது, இந்தக் கூலியில் சேர்க்கக் கூடாதவை. போக்குவரத்துப்படி, கருவிக்கான படி, சாப்பாடு, தங்குமிடம், போனஸ், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ், தீபாவளிக்குக் கொடுக்கும் துணி, இவை எதையும் குறைந்தபட்சக் கூலியின் பகுதியாகக் காட்டச் சட்டம் இடம் தரவில்லை. மதியம் அவள் நம் வீட்டுச் சோறுதானே சாப்பிடுகிறாள் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கு முதலாண்டில் பேசப்பட்டது மாதம் 10 ஷில்லிங்கும் படியரிசியும்தான். உணவையும் கூலியோடு சேர்த்துப் பேசும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, கடைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கி, அந்தக் கடையிலேயே சாப்பிட்டு வேலை செய்யும் சமையற்காரருக்கும் இந்த விதி முழுமையாகப் பொருந்தும்.

துண்டுக்கணக்கில் கூலி கொடுப்பவர்களும் தப்ப முடியாது. நூறு சமூசாவுக்கு இவ்வளவு, ஒரு டஜன் சட்டைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தாலும், வேலை செய்த மணிநேரத்துக்கு வகுத்துப் பார்க்கும்போது விகிதம் சட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. பொதுவாக ஒரு நாளில் நான்கு மணிக்கும் குறைவாக வேலை வாங்கினாலும் நான்கு மணிக்கான கூலியைக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் துடைத்துப் பெருக்க வருபவருக்கும் 28.79 விகிதத்தில் 115 ராண்ட் 16 சென்ட் உரியது.

கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

சாட்ஸ்வொர்த்தில் பன்னி சௌவும் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பியது) சமூசாவும் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் ஏட்டிலிருக்கும் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாத விற்பனை 1,80,000 ராண்ட். ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் வாரம் 45 மணி வேலை. கடை இதுவரை மணிக்கு 25 ராண்ட் கொடுத்து வந்தது, அதாவது சட்டத்துக்குக் கீழே நின்றது. இப்போது 28.79க்கு வர வேண்டும்.

பழைய கூலிச் செலவு 29,250 ராண்ட், புதியது 33,684 ராண்ட் 30 சென்ட். கூடுவது 4,434 ராண்ட் 30 சென்ட். விகிதமாகப் பார்த்தால் கூலி நூற்றுக்கு 15க்குச் சற்று மேல் ஏறுகிறது. கடைக்காரர் கேட்பது இந்த 15ஐத்தான். கேட்டதும் மனம் கலங்கிவிடுகிறது. ஆனால் விற்பனையில் கூலியின் பங்கு நூற்றுக்கு 16.25 மட்டுமே. பங்கையும் உயர்வையும் பெருக்கினால் மொத்த விற்பனையில் கூடும் பாரம் நூற்றுக்கு ஏறத்தாழ 2.5. முழுவதையும் விலையில் ஏற்றினாலும் 60 ராண்டுக்கு விற்ற கால் பன்னி 61.50 ஆகும். வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு முதலாளி கட்டும் நூற்றுக்கு 1, கூடுதல் கூலியின் மேல் 44 ராண்ட் அளவுக்குச் சேரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சட்டப்படி கொடுத்துவந்த கடைக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. 2024இன் 27.58இலிருந்து 28.79க்கு ஏறியபோது இதே ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் 1,415 ராண்ட் 70 சென்ட்தான் கூடியது. 60 ராண்ட் பன்னிக்கு அரை ராண்டுகூட ஆகாது. உருளைக்கிழங்கு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஒரே ஆண்டில் இதைவிட அதிகமாக ஏறியதை எந்தக் கடைக்காரரும் அறிவார். அதற்காக யாரும் கடையை மூடுவதாகப் பேசுவதில்லை.

ஆனால் எல்லாத் தொழிலுக்கும் இப்படி லேசாக முடியாது. துப்புரவு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுப்பவரின் வரவில் நூற்றுக்கு 70 பங்கு கூலியாகவே போகிறது என்று வையுங்கள். அதே 15 விழுக்காட்டு உயர்வு அவருடைய மொத்த வரவில் 10.6 விழுக்காட்டுப் பாரமாக இறங்கும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை விலையை மாற்றவும் முடியாது. ஆகவே அப்படிப்பட்டவர் ஒப்பந்தம் எழுதும்போதே, சட்டப்படி கூலி உயரும் ஆண்டுகளில் ஒப்பந்த விலையும் அதற்கேற்ப உயரும் என்று ஒரு வரியைச் சேர்த்தாக வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு ஆட்களின் வயிற்றில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கின் மறுபக்கத்திலும் எழுத வேண்டியவை உண்டு. பெரும்பாலானவர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சமூசா மடிக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பழகியவர் தோலின் கடைசி ஓரத்தில் மாவுப்பசையை ஒரே இழுப்பில் தடவி, மூலையை விரல்நுனியால் அழுத்தி மூடுவார். எண்ணெயில் போட்டால் பூரணம் அசையாது. புதிதாக வந்தவர் மடித்ததில் ஒரு மூலையில் ஊசிமுனை அளவு இடைவெளி இருக்கும். அதன் வழியே மசாலா கசிந்து எண்ணெயில் கரியும். மாலைவரை வர வேண்டிய எண்ணெய் மதியத்துக்குள் கறுத்துவிடும். ஓர் ஆள் போய் இன்னோர் ஆள் பழகும்வரை வீணாகும் எண்ணெய், மாவு, பழக்குபவரின் நேரம், திரும்பி வராத வாடிக்கையாளர் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நல்ல கூலி கிடைக்கும் இடத்தைவிட்டு ஆட்கள் எளிதில் போவதில்லை. ஆண்டில் இருவர் போவது நின்றாலே கூடுதல் கூலியின் ஒரு பகுதி திரும்பிவிடும். முழுவதும் திரும்பும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமல் கிடக்கும் வழி. 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களை வேலைக்கு வைத்து, வருமான வரிப் பிடித்தத்துக்குப் பதிவு செய்து, குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்கும் முதலாளிக்கு, ஓர் இளைஞருக்கு மாதம் 1,500 ராண்ட் வரை வரியில் கழித்துக்கொள்ள 2014 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்பு வரிச்சலுகை இடம் தருகிறது. முதல் பன்னிரண்டு மாதம் முழுச் சலுகை, அடுத்த பன்னிரண்டு மாதம் பாதி. சட்டக் கூலிக்குக் கீழே கொடுப்பவருக்கு இது கிடையாது. கூலியை மறைத்துக் கொடுத்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர், அதைவிடப் பெரிய தொகையைக் கைநழுவவிடுவதும் உண்டு.

தொழிலாளி போட வேண்டிய கணக்கு

மேலே சொன்ன கடையில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் 4,875இலிருந்து 5,614க்கு ஏறுகிறது. கூடுவது 739 ராண்ட். ஆனால் வேலை நேரம் 45இலிருந்து 39 மணிக்குக் குறைந்தால் மாதத்துக்கு 169 மணி, சம்பளம் 4,865 ராண்ட் 51 சென்ட். கூலி ஏறிய பிறகும் பழைய சம்பளத்தைவிட ஏறக்குறைய 9 ராண்ட் 50 சென்ட் குறைவு. தினமும் ஒரு மணி நேரம் சீக்கிரம் வீட்டுக்குப் போ என்று அன்பாகச் சொல்லப்படுவதற்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆகவே மார்ச் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் மணிக்கூலியைப் பார்ப்பதற்கு முன்னால் மணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

நேரம் குறைவது எப்படிக் குறைகிறது என்பதும் முக்கியம். ஆறு நாளும் ஒவ்வொரு மணி நேரம் குறைந்தால் வேலைக்கு வந்துபோகும் டாக்ஸிச் செலவு (பலர் சேர்ந்து போகும் வேனைத்தான் இங்கே டாக்ஸி என்கிறோம்) அப்படியே நிற்கும். அதற்குப் பதிலாக நாளுக்கு ஏழரை மணி நேரம் வேலை செய்து ஒரு நாளை முழுதாக விட்டால் வாரத்துக்கு 37.5 மணி, மாதச் சம்பளம் 4,678 ராண்ட் 38 சென்ட். பழையதைவிட 196 ராண்ட் 62 சென்ட் குறைவு. ஆனால் டவுனுக்குப் போகவர நாளொன்றுக்கு 50 ராண்ட் டாக்ஸிக்குக் கொடுப்பவருக்கு மாதத்தில் சுமார் 217 ராண்ட் மிச்சம். மொத்தத்தில் கைக்கு 20 ராண்ட் கூடி, வாரத்தில் இன்னொரு நாளும் ஓய்வாகக் கிடைக்கிறது. நேரக் குறைப்பைப் பற்றிப் பேச வேண்டிய நிலை வந்தால், எந்தக் குறைப்பு என்று கேட்டுப் பேசுங்கள்.

அப்படிப் பேசுவது உங்கள் உரிமை. குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க வேண்டியிருப்பதைச் சாக்காக வைத்து, வேலை நேரத்தையோ மற்ற நிபந்தனைகளையோ முதலாளி தன்னிச்சையாக மாற்றுவதை நியாயமற்ற தொழில்நடத்தை என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. பேசி, இருவரும் ஒப்புக்கொண்டு மாற்றுவது வேறு. திங்கட்கிழமை காலையில் வந்து நிற்கும்போது அறிவிப்பது வேறு.

வேலை போகுமா என்ற கேள்வி

இந்த நாட்டில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 30 பேருக்கும் மேல். ஆகவே இந்தக் கேள்வியை அச்சம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கே நடந்த ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு 2002 நவம்பரில் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது நடந்ததை டாரின் டிங்கல்மனும் விமல் ரஞ்சோடும் ஆராய்ந்தார்கள்: கூலி ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது, வேலைவாய்ப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. 2003 மார்ச்சில் பண்ணைகளுக்கு வந்த கூலியை ஹாரூன் போரட், ரவி கன்பூர், பென்ஜமின் ஸ்டான்விக்ஸ் மூவரும் ஆராய்ந்தபோது கூலி ஏறியது, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தங்கள் பெருகின, ஆனால் பண்ணை வேலைகள் தெளிவாகக் குறைந்தன.

வேறுபாட்டுக்குக் காரணத்தை மேலே போட்ட கணக்கைக் கொண்டே ஓரளவு விளக்கலாம். இஸ்திரி போடுவதற்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் இயந்திரம் இல்லை. கொஞ்சம் கூடக் கொடுப்பதால் அந்த வீடு தொழிலை மூடவும் போவதில்லை. பண்ணைக்கோ இயந்திரம் இருக்கிறது. விளைச்சலின் விலையைத் தீர்மானிப்பது வெளிச்சந்தை. நம் குவாசுலு நட்டாலிலேயே நியூகாஸில் ஊரின் தையல் ஆலைகளில் இதைப் பார்த்தோம். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிக் கூலி பேசும் ஆடைத் தொழிலின் பேரப் பேரவை நிர்ணயித்த கூலியை 2010இல் கட்டாயப்படுத்த முயன்றபோது ஆலைக்காரர்கள் கதவை மூடினார்கள். ஆலையை மூடாதீர்கள், குறைந்த கூலிக்கே வேலை செய்கிறோம் என்று தையற்காரப் பெண்களே எதிர்த்து நின்றார்கள். 2013இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அந்தக் கூலியை மற்ற ஆலைகளுக்கும் விரித்த அமைச்சரின் ஆணையைச் செல்லாததாக்கியது. இறக்குமதித் துணியோடு போட்டியிடும் தொழிலில், கூலியின் பங்கும் பெரிதாக இருந்து விலையை ஏற்றவும் வழியில்லாதபோது, உயர்வின் பாரம் வேலையின் மேல்தான் விழுகிறது.

ஆகவே, உங்கள் கடையில் ஆட்குறைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். வரவில் கூலியின் பங்கு நூற்றுக்கு எத்தனை? பக்கத்துக் கடைக்கும் இதே உயர்வுதானே, அப்படியிருக்க நான் மட்டும் விலையை ஏற்றியவனாக எப்படி ஆவேன்? சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக வரும்போது வாடிக்கையாளர் ஓடிப்போக வேறு இடம் குறைவு. அந்தப் பக்கத்துக் கடை சட்டத்தை மீறிக் கூலியைக் குறைத்துக் கொடுத்து உங்களைவிட மலிவாக விற்றால், உங்களுக்கு இடைஞ்சல் செய்வது சட்டம் அல்ல, அந்த மீறல். நேர்மையாகக் கொடுக்கும் கடைக்காரர்களே ஆய்வாளர்கள் வர வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் என்பது என் திடமான கருத்து.

வாழ்வூதியம் வேறு

சட்டம் சொல்லும் கூலியும் ஒரு குடும்பம் மானத்தோடு வாழத் தேவையான ஊதியமும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள விரும்பும் முதலாளி இப்படிப் போட்டுப் பார்க்கலாம். தொழிலாளியின் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் உணவு, வாடகை, முன்பணம் கட்டும் மின்சாரம், டாக்ஸி, பள்ளிச் செலவு, கொஞ்சம் எதிர்பாராத செலவு எல்லாவற்றையும் கூட்டி, வீட்டில் சம்பாதிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, 195ஆல் மீண்டும் வகுக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி மற்றும் கண்ணியக் குழு, ஏழைக் குடும்பங்கள் வாங்கும் 44 உணவுப் பொருள்களின் விலையை மாதந்தோறும் பல ஊர்க் கடைகளில் எடுத்து வெளியிடுகிறது. 2025இல் அந்தக் கூடையின் விலை 5,000 ராண்டுக்கு மேலேயே இருந்தது. 5,614 ராண்ட் வாங்கும் ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் வீட்டில் அந்தக் கூடையை நிரப்பினால் பேருந்துக்கும் விளக்குக்கும் மிஞ்சுவது என்ன என்பதைக் கழித்துப் பார்த்தவருக்கு, இந்தக் கூலியை அதிகம் என்று சொல்ல நா எழாது.

தாங்க முடியாதபோதும், கொடுக்காதபோதும்

உண்மையிலேயே தாங்க முடியாத கடைக்குச் சட்டத்தில் வழியிருக்கிறது. தொழிலாளர் துறையின் இணையத்தளத்தில் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வரவுசெலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். தொழிலாளிகளோடு கலந்து பேசியிருக்க வேண்டும். காப்பீட்டு நிதித் தொகைகளைப் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும். கிடைத்தாலும் சட்ட விகிதத்தில் நூற்றுக்கு 10க்கு மேல் குறைக்க முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது.

விலக்கு வாங்காமல் குறைத்துக் கொடுப்பவருக்கு அபராதம், குறைத்த தொகையின் இருமடங்கு அல்லது மாதச் சம்பளத்தின் இருமடங்கு, இவற்றில் எது பெரிதோ அது. மறுமுறை பிடிபட்டால் மும்மடங்கு. நம் சாட்ஸ்வொர்த் கடை ஓர் ஆண்டு முழுதும் மாதம் 739 ராண்ட் 5 சென்ட் குறைத்திருந்தால், ஒருவருக்கான அபராதம் மட்டும் 17,737 ராண்ட் 20 சென்ட், ஆறு பேருக்கு 1,06,423 ராண்ட் 20 சென்ட். கொடுக்காமல் விட்ட கூலியையும் தனியே கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

தொழிலாளிக்குக் குறை இருந்தால் முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆய்வாளரிடம் சொல்லலாம். கொடுபடாத கூலிக்காக சி.சி.எம்.ஏ. என்னும் சமரச நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. நேரத்தைத் தன்னிச்சையாகக் குறைத்தது போன்ற நியாயமற்ற நடத்தைக்கு 90 நாளுக்குள் முறையிட வேண்டும். வேலையைவிட்டே நீக்கினால் 30 நாள்தான்.

அங்கே பேசப்போவது ஏடு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நேரக்குறிப்பை மூன்றாண்டு வைத்திருப்பது முதலாளியின் கடமை. அதற்குக் குறைவானவர்கள் இருக்கும் இடத்திலும் மலிவான குறிப்பேடு ஒன்று போதும்: தேதி, வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை, இருவரின் கையொப்பம். கையொப்பமிட மறுக்கும் முதலாளியிடம் வேலை செய்பவர், ஒவ்வொரு மாலையும் தம் நேரத்தைத் தாமே எழுதி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவைக்கட்டும். படம் அனுப்பிய தேதி அதிலேயே பதிவாகிவிடும்.